‘கண்ணி கூட்டவும்’ என்றால் எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் வெளியான, ஒரு வயதுக் குழந்தைக்கான ஸ்வெட்டர் குறிப்பைப் பற்றியது இந்தக் கடிதம். நூலின் தடிமன், ஊசியின் அளவு, முன்பக்கம், முதுகு, கழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. கைப்பகுதி மட்டும், ‘36 கண்ணியில் தொடங்கி 52 கண்ணி ஆகும்வரை இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி கூட்டவும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. (கண்ணி என்றால் ஊசியில் ஏறி நிற்கும் ஒரு வளையம்; கூட்டுவது என்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது.) எந்த முறையில் கூட்டுவது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எத்தனை வரிசைக்கு ஒருமுறை? மூன்றுக்கும் அந்த வரியில் பதில் இல்லை. நிட்டிங் தெரிந்தவர்கள் எதையோ செய்து சமாளித்துக்கொள்வார்கள். புதிதாகப் பழகுகிறவர்களின் ஸ்வெட்டரில் ஒரு கை ஓரம் ஒழுங்காகவும் மறு ஓரம் ஓட்டை வரிசையாகவும் வருவது இந்த இடத்தில்தான்.

திருப்பூரில் பனியன் துணி வட்ட எந்திரத்திலிருந்து குழாய்போல இறங்குகிறது. அதைக் கத்தரித்துத் தைத்தால் சட்டை. அங்கே உருவம் கத்தரியில் இருக்கிறது. கையால் பின்னும் ஸ்வெட்டரில் கத்தரிக்கு வேலையில்லை. மணிக்கட்டில் ஒடுங்கி, மேலே அகலும் கை அந்த வடிவத்திலேயே ஊசியிலிருந்து வர வேண்டும். அதனால் கண்ணி கூட்டும் இடம் ஒவ்வொன்றும் துணியில் வெளியே தெரியும். துணியின் வழவழப்பான நிட் பக்கத்தில் கண்ணிகள் சடை சடையாக மேலே ஏறுகின்றன அல்லவா, அந்தச் சடைகளுக்கு நடுவே புதிதாக ஒன்று முளைக்கும்போது அது இடப்புறமோ வலப்புறமோ சாய்ந்துதான் முளைக்கும். இரண்டு ஓரத்திலும் ஒரே பக்கம் சாய்ந்தால் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்க வேண்டிய கை, ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டதுபோல் தோன்றும்.

முறையைச் சொல்லுமுன் மொழியைப் பற்றி ஒன்று. தமிழில் நிட்டிங் எழுதுகிறவர்களுக்கு ‘பின்’ என்ற சொல் பெரிய தொல்லை. ‘பின் கால் வழியாகப் பின்னவும்’, ‘தூக்கிய பின் பின்னவும்’, ‘பின்னால் பின்னவும்’ என்று எழுதினால், பிறகு என்று சொல்கிறார்களா, ஊசிக்குப் பின்புறம் என்கிறார்களா, பின்னும் வேலையைச் சொல்கிறார்களா என்று வாசிக்கிறவர் திகைக்க வேண்டியதுதான். ஊசியில் தொங்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால்கள். ஒன்று ஊசிக்கு நம் பக்கம், மற்றது ஊசிக்கு அந்தப் பக்கம். ‘நம் பக்கத்துக் கால்’, ‘அந்தப் பக்கத்துக் கால்’ என்றே எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. இந்தக் கடிதத்தில் அப்படியே எழுதுகிறேன். பின்னும் செயலுக்கு, எல்லோரும் வாயால் சொல்கிறபடி, ‘நிட் போடுவது’ (சடை நம் பக்கம் விழும்), ‘பர்ல் போடுவது’ (மேடு நம் பக்கம் விழும்).

முதலில் பழக வேண்டியது குறுக்கு நூல் முறை. வலது ஊசியில் கடைசியாகப் போட்ட கண்ணிக்கும் இடது ஊசியில் அடுத்து வரும் கண்ணிக்கும் நடுவே, ஏணிப்படிபோல ஒரு குறுக்கு நூல் ஓடும். ஊசிகளை லேசாக விலக்கினால் தெரியும். புதுக் கண்ணி அதிலிருந்துதான் பிறக்கிறது.

இடச்சாய்வுக்கு: இடது ஊசியின் முனையை நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகக் குறுக்கு நூலுக்கு அடியில் விட்டுத் தூக்குங்கள். தூக்கிய நூல் ஊசியின் மேல் கண்ணிபோல உட்காரும். அதன் அந்தப் பக்கத்துக் காலில் வலது ஊசியை நுழைத்து நிட் போடுங்கள். நூல் அரைத் திருகு திருகி, அடியில் இருந்த ஓட்டை மூடிக்கொள்ளும்.

வலச்சாய்வுக்கு: இதற்கு நேர் எதிர். இடது ஊசியை அந்தப் பக்கத்திலிருந்து நம் பக்கமாக விட்டுக் குறுக்கு நூலைத் தூக்குங்கள். நம் பக்கத்துக் காலில் நிட் போடுங்கள்.

ஆக, நூலை எந்தப் பக்கத்திலிருந்து தூக்கினோமோ, அதற்கு எதிர்ப் பக்கத்துக் காலில் போட வேண்டும். தூக்கிய பக்கமே போட்டால் திருகு விழாது. திருகு இல்லாத இடத்தில் ஓட்டை விழும். லேஸ் வேலையில் அந்த ஓட்டையை வேண்டுமென்றே போடுகிறோம், கை ஓரத்தில் யாரும் கேட்கவில்லை.

இரண்டில் வலச்சாய்வுதான் முரண்டு பிடிக்கும். தூக்கிய நூலின் நம் பக்கத்துக் கால் இறுக்கமாக, குறுக்கே சாய்ந்து நிற்பதால் ஊசி எளிதில் நுழையாது. அந்தப் பக்கத்துக் காலோ வா வா என்று திறந்திருக்கும். கை தானாக அங்கே போய்விடும். ஒரு ஓரம் சுத்தமாகவும் எதிர் ஓரத்தில் மட்டும் சீராக ஓட்டைகளும் இருந்தால், வேறு எங்கும் தேட வேண்டாம்: வலச்சாய்வை அந்தப் பக்கத்துக் காலில் போட்டிருக்கிறார்கள். நூலைத் தூக்கியதும் இடது கைக் கட்டைவிரலால் அந்த வளையத்தை ஊசி முனைப் பக்கம் சற்றுத் தள்ளி, வலது ஊசி முனையை வளையத்துக்குள் விட்டு ஒருமுறை கீழ்நோக்கி இழுத்துத் தளர்த்திக்கொண்டால், பிறகு நுழைப்பது எளிது. முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசியில் இது கஷ்டம். கூர்முனை உலோக ஊசியில் பாதி வேலை குறையும்.

பர்ல் பக்கத்தில் கூட்ட நேர்ந்தாலும் விதி மாறாது. நம் பக்கத்திலிருந்து தூக்கினால் அந்தப் பக்கத்துக் காலில் பர்ல். அந்தப் பக்கத்திலிருந்து தூக்கினால் நம் பக்கத்துக் காலில் பர்ல். முதலாவதைப் போட ஊசியை அந்தப் பக்கம் கொண்டுபோய் இடமிருந்து நுழைக்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டு வளையும். முடிந்தவரை எல்லாக் கூட்டல்களையும் நிட் பக்கத்திலேயே வரும்படி கணக்கிடுவது புத்திசாலித்தனம்.

பர்ல் போடும்போது நூலை ஊசிக்கு அடியில் இருந்து எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்களுடைய கண்ணிகள் ஊசியில் மாறி உட்காரும் என்பதால் பல குறிப்புகள் அவர்களுக்குத் தலைகீழாகும். குறுக்கு நூல் முறை மட்டும் பாதிக்கப்படாது, ஏனென்றால் அந்த வளையத்தை ஊசியில் ஏற்றுவது நாமே. இதை முதலில் கற்றுக்கொடுக்க அதுவும் ஒரு காரணம். இடக்கைப் பழக்கத்தால் இடமிருந்து வலமாகப் பின்னுகிறவர்களுக்கு மட்டும், மேலே இடச்சாய்வு என்று சொன்னது வலச்சாய்வாகும், வலச்சாய்வு இடச்சாய்வாகும்.

சரியாக விழுந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு வரிசை மேலே போனதும் புதுக் கண்ணியின் அடியைப் பாருங்கள். அங்கே இரண்டு நூல்கள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று கடக்கும். எது மேலே கிடக்கிறது என்பதுதான் சாய்வு. வலப்புறக் கண்ணியிலிருந்து வரும் நூல் மேலேறி இடப்புறம் போனால் இடச்சாய்வு. இடப்புறத்திலிருந்து வருவது மேலே கிடந்தால் வலச்சாய்வு.

பெயரால் வரும் மயக்கம் ஒன்று உண்டு. இடச்சாய்வு என்றால் துணியின் இட ஓரத்தில் போடுவது என்று பொருள் இல்லை. ஸ்வெட்டர் கையில், வரிசையின் தொடக்கத்தில், அதாவது வல ஓரத்தில், இடச்சாய்வும், வரிசை முடிவில் வலச்சாய்வும் போடுவது பரவலான வழக்கம். அப்போது கூட்டல்கள் இரண்டும் துணியின் நடுவை நோக்கிச் சாயும். ஓரத்தில் விட்ட கண்ணிகள் தனிச் சடையாக நிற்கும். இதை மாற்றிப் போட்டால் சாய்வு ஓரத்தோடு சேர்ந்து ஓடும். இரண்டும் அழகுதான், இரண்டும் சரிதான். நடுவில் எங்காவது ஞாபகம் தப்பி மாற்றிப் போடுவதுதான் தப்பு. ஆனால் ஓரக் கண்ணியிலேயே கூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். முதல் கண்ணி தையலுக்குள் போகும். அதை ஒட்டிக் கூட்டினால் ஓரம் பல்லுப் பல்லாக வந்து, இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது வரிசைக்கு வரிசை பொருந்தாது. இரண்டு கண்ணி உள்ளே தள்ளிக் கூட்டுங்கள்.

குறுக்கு நூல் குட்டையானது. அதிலிருந்து ஒரு முழுக் கண்ணி பிறக்க வேண்டுமென்றால் இருபுறமும் உள்ள கண்ணிகளிலிருந்து நூலைக் கடன் வாங்கும். இறுக்கமாகப் பின்னுகிறவர்களின் துணியில் கூட்டிய இடத்தில் பக்கத்துக் கண்ணிகள் சுருங்கி, சின்னக் குழி விழுவது இதனால்தான். இதற்குத் தளர்வான மாற்று ஒன்று உண்டு. கூட்ட வேண்டிய இடத்தில் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே போங்கள். அடுத்த பர்ல் வரிசையில் அந்தச் சுற்றைத் திருகி மூடுங்கள். வழக்கம்போல நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் காலில் பர்ல்; இடச்சாய்வு கிடைக்கும். அந்தப் பக்கத்திலிருந்து நம் பக்கமாகச் சுற்றி, ஊசிக்கு அடியால் நூலை மீண்டும் அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தால், அடுத்த வரிசையில் நம் பக்கத்துக் காலில் பர்ல்; வலச்சாய்வு. பார்வைக்குக் குறுக்கு நூல் முறையேதான், ஆனால் நூலைத் தாராளமாகக் கொடுத்துவிட்டதால் சுருக்கம் இராது. திருகி மூட மறந்தால் மட்டும் ஓட்டை. சுற்று போட்ட இடத்தில் ஓர் அடையாள வளையம் மாட்டினால் மறக்காது.

இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் கூட்ட வேண்டுமென்றால் தாய்க்கண்ணி முறை. இடது ஊசியில் அடுத்து இருக்கும் கண்ணிக்கு நேர் கீழே, அதைப் பெற்ற கண்ணி இருக்கும். அதன் வலக்காலை வலது ஊசியால் தூக்கி இடது ஊசியில் ஏற்றி நிட் போட்டு, பிறகு மேலுள்ள கண்ணியையும் நிட் போட்டால் வலச்சாய்வு. இடச்சாய்வுக்கு முதலில் கண்ணியை நிட் போட்டுவிட வேண்டும். பிறகு வலது ஊசியில் இருக்கும் அந்தக் கண்ணிக்கு இரண்டு படி கீழே போய், அங்குள்ளதன் இடக்காலை இடது ஊசியால் தூக்கி நிட் போட வேண்டும். ஒன்றில் ஒரு படி, மற்றதில் இரண்டு படி ஏன்? நிட் போட்டு முடித்ததால் ஒரு வரிசை கூடிவிட்டது; இரண்டிலும் தூக்குவது அதே தாயைத்தான். இங்கே அவசரத்தில் ஒரு படி மட்டும் கீழே போனால் இப்போது போட்ட கண்ணியையே இழுத்துத் தளர்த்திவிடுவோம். மூன்று படி போனால் துணி சுருங்கி மேலே ஏறும்.

தாய்க்கண்ணி முறை மேலேயும் கீழேயும் நூலை இழுக்கிறது. நான்கு வரிசைக்கு ஒருமுறை அல்லது அதைவிடத் தள்ளித் தள்ளிக் கூட்டும் கைக்கு மிகப் பொருத்தம். இரண்டு வரிசைக்கு ஒருமுறை ஒரே கோட்டில் கூட்டினால் அந்தக் கோடு இறுகி, துணி வளைய ஆரம்பிக்கும். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ரக்லன் ஸ்வெட்டரில் அப்படித்தான் நடக்கும். அதில் கழுத்திலிருந்து அக்குள் நோக்கிச் சாயும் நான்கு கோடுகள், ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் ஒரு கண்ணி, ஆக எட்டுக் கண்ணி, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில். (வாட்டர்லூ போரில், 1815இல், வலக்கையை இழந்த ரக்லன் பிரபுவின் பெயரில் வழங்கும் தோள் வடிவம் இது.) அங்கே குறுக்கு நூல் முறையோ, சுற்றி மூடும் முறையோதான் சரி.

ஒரே கண்ணியில் நம் பக்கத்துக் காலிலும் அந்தப் பக்கத்துக் காலிலும் இரண்டு நிட் போட்டுக் கூட்டுவது பலருக்குத் தெரிந்த முதல் முறை. எளிது, ஓட்டையே விழாது. ஆனால் இரண்டாவது கண்ணியின் காலடியில் பர்ல் போல ஒரு குறுக்குக் கட்டை விழும். இரு பக்கமும் நிட்டே போடும் துணியில் அது மற்ற மேடுகளோடு கலந்துவிடும், நிட் பக்கம் வழவழப்பான துணியில் தனியாகத் தெரியும். இதில் சாய்வுக்கு ஜோடி கிடையாது. கட்டை எப்போதும் இடப்புறம்தான் விழும். இரு ஓரமும் ஒத்துப்போக வேண்டுமானால் தொடக்கத்தில் இரண்டாவது கண்ணியிலும், முடிவில் கடைசியிலிருந்து மூன்றாவது கண்ணியிலும் போடுங்கள். அப்போது இரண்டு ஓரத்திலும் கட்டை மூன்றாவது கண்ணியில் நிற்கும்.

கடையில் நமக்கு எளிதாகக் கிடைப்பது அக்ரிலிக் நூல். அசல் கம்பளியில் சின்ன ஓட்டைகள் நனைத்து விரித்துக் காயவைத்தால் ஓரளவு மூடிக்கொள்ளும், இழை உப்பி இடத்தை நிரப்பும். அக்ரிலிக்கும் பருத்தியும் அந்த உதவியைச் செய்யாது. ஊசியில் விழுந்த ஓட்டை கடைசிவரை ஓட்டைதான். சூடான இஸ்திரியை வைத்து அழுத்தினால் அக்ரிலிக் தட்டையாகிச் செத்துவிடும், திரும்ப எழாது. வண்ணப் பட்டைகள் வரும் ஸ்வெட்டரில் நிறம் மாற்றிய முதல் வரிசையில் கூட்டாதீர்கள். குறுக்கு நூல் பழைய நிறம் என்பதால் புது நிறத்துக்குள் ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். இரண்டு வரிசை தள்ளிப் போடுங்கள்.

பத்து வரிசை போன பிறகு ஓர் ஓட்டை கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டாம். அந்தப் புதுக் கண்ணியின் சடையை மட்டும் ஊசியிலிருந்து விட்டு, படிப்படியாக இறங்க விடுங்கள். குறுக்கு நூலில் பிறந்ததால் அது பிறந்த இடத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே ஓடாது. அங்கே உள்ள தளர்ந்த நூலைக் குரோஷே ஊசியில் எடுத்து, மற்றக் கூட்டல்களைப் பார்த்து அதே பக்கம் அரைத் திருகு கொடுத்து, மேலே உள்ள படிகளை ஒவ்வொன்றாக அந்த வளையத்தின் வழியே இழுத்து ஏற்றுங்கள்.

ஊசி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் கிடைக்கும் எண்கள் பழைய பிரிட்டிஷ் கணக்கு. எண் கூடக் கூட ஊசி மெலியும். நம் 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25. அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மில்லிமீட்டர். குறிப்புகளில் மில்லிமீட்டரையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இனி அந்தக் கைப்பகுதி. இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் மேலே எதையாவது வெட்டிக்கொள்ளுங்கள். திருத்தமாக இதை மட்டும் அச்சிடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 28 வரிசை வரும் துணிக்கான கணக்கு இது. 36 என்பது 16 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், 52 என்பது 23 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கூட்ட வேண்டியது 16 கண்ணி, வரிசைக்கு இரண்டாக எட்டு வரிசை. மணிக்கட்டுப் பட்டிக்கு மேல் 44 வரிசை, அதாவது ஏறக்குறைய 15.7 சென்டிமீட்டர். அக்குளுக்குக் கீழே சில வரிசைகள் கூட்டாமல் நேராக வர வேண்டும். கடைசி வரிசைவரை கூட்டிக்கொண்டே போனால் அந்த இடம் கூர்மையாக விரிந்து, தோளோடு பொருத்தும்போது மடியும்.

‘பட்டி முடிந்ததும் முதல் வரிசையை நிட் பக்கமாகத் தொடங்கவும். 5, 9, 13, 17, 21, 25, 31, 37 ஆகிய வரிசைகளில் கூட்டவும். கூட்டும் வரிசை: 2 நிட், குறுக்கு நூலில் ஓர் இடச்சாய்வு, கடைசி 2 கண்ணி இருக்கும்வரை நிட், குறுக்கு நூலில் ஒரு வலச்சாய்வு, 2 நிட். 25ஆம் வரிசை முடிவில் 48 கண்ணி, 37ஆம் வரிசை முடிவில் 52 கண்ணி இருக்க வேண்டும். பிறகு கூட்டாமல் 7 வரிசை. 44ஆம் வரிசை பர்ல் பக்கத்தில் முடியும்.’

இப்படிக்கு,
நிட்டிங் கற்பிக்கும் வாசகி,
குன்னூர்.